கம்பியில் வந்த மின்சாரம்: ஆவடிப் புறநகரும் இணையவழித் தொலைபேசியும்

லேண்ட்லைன் என்று பேச்சு வழக்கில் வழங்கும் தரைவழித் தொலைபேசி, வீட்டின் மின்இணைப்பை நம்பி இயங்கியதில்லை என்பது அதைப் பல்லாண்டுகள் பயன்படுத்தியவர்களிலேயே பலர் எண்ணிப் பார்க்காத செய்தி. தொலைபேசி நிலையத்தில் வரிசையாக அடுக்கிய மின்கலங்களிலிருந்து 48 வோல்ட் நேர்திசை மின்சாரம் இரண்டு செம்புக் கம்பிகளின் வழியே ஒவ்வொரு வீட்டுக்கும் சென்றது. ரிசீவரை எடுத்ததும் சுற்று மூடி மின்னோட்டம் பாய, நிலையம் அதை உணர்ந்து டயல் டோன் கொடுத்தது. அழைப்பு வரும்போது மணியடிக்கத் தேவைப்பட்ட, ஏறத்தாழ 75 வோல்ட் அளவுள்ள மாறுதிசை மின்சாரத்தையும் அதே கம்பியில் நிலையமே அனுப்பியது. தெருவில் கரண்ட் போனாலும் போன் போகாததன் காரணம் இதுதான். அந்தக் கம்பியின் இடத்தைக் கண்ணாடி இழை பிடித்துக்கொண்டிருக்கும் இன்று, வேகத்தைப் பற்றியும் கட்டணத்தைப் பற்றியும் பேசப்படும் அளவுக்கு இந்த மின்சாரத்தைப் பற்றிப் பேசப்படுவதில்லை. தரைவழித் தொலைபேசியிலிருந்து இணையவழித் தொலைபேசிக்கு மாறுவது தொழில்நுட்ப மாற்றமாகவே விவரிக்கப்பட்டாலும், அதன் உள்ளே ஒரு பொறுப்பு மாற்றமும் நடந்திருக்கிறது என்பதும், நிலையம் சுமந்த சில சுமைகள் ஓசையின்றி வீட்டுக்காரர் தலைக்கு வந்துவிட்டன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்த மாற்றத்தைப் பார்க்கச் சென்னையின் மேற்குப் புறநகர் பொருத்தமான இடம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படைத்தளமாக வளர்ந்து, 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாட்டால் நாடறிந்த பெயரான ஆவடி, பின்னர் கனரக வாகனத் தொழிற்சாலையும் படைத்துறை ஆய்வு நிறுவனங்களும் சூழ்ந்த ஊராயிற்று. அதை ஒட்டிய முத்தாபுதுப்பேட்டை, விமானப்படை நிலையத்தை அடுத்து அமைந்த பகுதி. வெளியூர்களில் பணிபுரியும் மகனோ மகளோ பேசும் அழைப்புக்காகக் காத்திருப்பது படைத்துறைக் குடும்பங்களின் அன்றாடத்தில் ஒரு பகுதியாதலால், இங்கே தொலைபேசி ஆடம்பரமாக எண்ணப்பட்ட காலம் பிற ஊர்களைவிடச் சற்று முன்னதாகவே முடிந்திருக்க வேண்டும். நிர்வாகத்தில் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தும், தொலைபேசிக் கணக்கில் இப்பகுதி சென்னைத் தொலைபேசி வட்டத்துக்குள், 044 என்ற குறியீட்டின் கீழ் வருகிறது. ஏழு இலக்க எண்களுக்கு முன்னால் 2 சேர்ந்து எட்டு இலக்கமானபோது, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளின் எண்கள் பெரும்பாலும் 26 என்று தொடங்கின. எண்ணின் முதல் நான்கு இலக்கங்களைக் கேட்டாலே எந்த நிலையத்து இணைப்பு என்று சொல்லிவிடக்கூடியவர்கள் அந்நாளில் இருந்தார்கள். எண் என்பது முகவரியின் இன்னொரு வடிவமாக இருந்த காலம் அது.

சென்னையில் தொலைபேசி நிலையம் 1882ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டுவிட்டாலும், விடுதலைக்குப் பின்னும் நெடுங்காலம் தொலைபேசி கிடைத்தற்கரிய பொருளாகவே இருந்தது. 1948இல் பெங்களூரில் தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் செய்தளித்த ஸ்ட்ரோஜர் வகை நிலையங்களில், டயலைச் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் இயந்திரக் கை படிப்படியாக ஏறித் திரும்பி இணைப்பைத் தேடியது; பின்னர் வந்த குறுக்குச் சட்ட நிலையங்களும் இயந்திர அசைவை நம்பியவையே. விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும், பெருந்தொகையை முன்பணமாகக் கட்டி ஓ.ஒய்.டி. திட்டத்தில் வரிசையை முந்துவதும் அக்காலத்து நடைமுறைகள். 1984இல் நிறுவப்பட்ட சி-டாட் மையம் உள்நாட்டிலேயே மின்னணு நிலையங்களை வடிவமைக்கத் தொடங்கிய பிறகே நிலை மாறியது. இந்த மின்னணு நிலையங்களில் நடந்த ஒரு காரியம் பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் அடித்தளம்: அவை பேச்சலையை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு இலக்க இரும எண்ணாகக் குறித்து, விநாடிக்கு 64,000 இருமக் குறிகள் கொண்ட ஓடையாக மாற்றின. எனவே குரல் எண்ணாக மாறியது இணையம் வந்த பிறகு என்று நினைப்பது பிழை. நிலையத்துக்குள் அது முன்பே எண்ணாகிவிட்டது. நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட கடைசிச் சில கிலோமீட்டர் மட்டுமே அலையாக, செம்பில், மிஞ்சியிருந்தது.

அந்தக் கடைசித் தொலைவில்தான் தொலைபேசித் துறையின் உண்மையான உழைப்பு இருந்தது. நிலையத்தின் பெரிய பகிர்வுச் சட்டத்திலிருந்து தடித்த கேபிள்கள் நிலத்தடியில் புறப்பட்டு, தெருமுனைக் கேபினெட்டிலும், அதைவிடச் சிறிய பில்லரிலும் கிளை பிரிந்து, டி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பெட்டியில் முடிந்து, அங்கிருந்து மெல்லிய கம்பியாக வீட்டுச் சுவரை எட்டின. ஒவ்வொரு கிளையிலும் ஒரு மூட்டு இருந்தது. ஒவ்வொரு மூட்டிலும் வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு வழி இருந்தது. ஏரிகளும் தாழ்நிலங்களும் நிறைந்த ஆவடிப் பகுதியில் மழைக்காலம் வந்தால் ரிசீவரில் கரகரப்பு கேட்பதும், இரண்டு நாளில் போன் டெட்டாவதும், 198இல் புகார் பதிந்து லைன்மேனை எதிர்பார்த்திருப்பதும் ஆண்டுதோறும் நடந்தவை. பாதாளச் சாக்கடைக்கும் வடிகாலுக்கும் தோண்டிய குழிகளில் அறுந்த கேபிள்கள் வேறு. நிலையத்திலிருந்து தொலைவு கூடக் கூட கம்பியின் மின்தடை கூடிக் குரல் மெலிவதால், புறநகரின் ஓரங்களில் இருந்த வீடுகளுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பாயிற்று. செம்புக் கம்பியைப் பற்றிய ஏக்கம் இன்று எழுத்தில் அழகாகத் தோன்றலாம். அதைப் பழுது பார்த்தவர்களுக்கும் அதற்காகக் காத்திருந்தவர்களுக்கும் அது அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

2000 அக்டோபர் 1ஆம் தேதி தொலைத்தொடர்புத் துறையின் சேவைப் பணிகள் பி.எஸ்.என்.எல். நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. டெல்லிக்கும் மும்பைக்கும் 1986இலேயே எம்.டி.என்.எல். என்ற தனி நிறுவனம் அமைந்துவிட்டதால், நாட்டின் பெருநகரத் தொலைபேசி வட்டங்களில் சென்னையும் கொல்கத்தாவும் புதிய நிறுவனத்தின் பங்காயின. 2005 ஜனவரியில் அது தொடங்கிய அகலப்பட்டை இணையம், பழைய செம்புக் கம்பிக்கே இரண்டாவது வேலை கொடுத்தது: மனிதக் குரலுக்குத் தேவையான நான்கு கிலோஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட அலைவரிசையைத் தொலைபேசிக்கு விட்டுவிட்டு, அதற்கு மேற்பட்டதில் தரவை அனுப்பும் டி.எஸ்.எல். முறை அது. சுவரில் பொருத்திய சிறு பிரிப்பான் ஒன்று குரலைத் தொலைபேசிக்கும் தரவை மோடத்துக்கும் பிரித்துக் கொடுத்தது. மோடம் அணைந்தாலும் தொலைபேசி பேசியது. குரலும் இணையமும் ஒரே கம்பியில் வந்தும் ஒன்றையொன்று நம்பாமல் வாழ்ந்த இந்த இடைக்காலம் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளே நீடித்தது.

இணையத்தின் வழியே பேசுவது தொழில்நுட்பத்தில் புதுமையன்று. பொட்டல முறையில் குரலை அனுப்பும் சோதனைகள் 1970களிலேயே அமெரிக்காவில் நடந்தன. 1995இல் இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் கணினிக்குக் கணினி பேசும் மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1999இல் அழைப்பை ஏற்படுத்தவும் முடிக்கவும் பயன்படும் எஸ்.ஐ.பி. என்ற பொது நெறிமுறை வகுக்கப்பட்டது. 2003இல் ஸ்கைப் வந்தது. இந்தியாவில் தடையாக நின்றது சட்டம். வெளிநாட்டு அழைப்புகளுக்கு வி.எஸ்.என்.எல். நிறுவனம் ஒன்றே வாசலாக இருந்து, அவ்வழைப்புகளின் உயர்ந்த கட்டணம் உள்ளூர்ச் சேவையைத் தாங்கிப் பிடித்த காலத்தில், அந்த வாசலைச் சுற்றிக்கொண்டு போகும் எந்த வழியையும் அரசு அனுமதிக்கத் தயாராக இல்லை. வி.எஸ்.என்.எல்.லின் தனியுரிமை முடிவுக்கு வந்த 2002 ஏப்ரல் 1ஆம் தேதியே இணையவழித் தொலைபேசியும் அனுமதிக்கப்பட்டது தற்செயலன்று. அப்போதும் கதவு பாதிதான் திறந்தது: கணினியிலிருந்து கணினிக்கும் வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் பேசலாம்; இணையத்தில் கிளம்பிய குரல் உள்நாட்டுத் தரைவழி, கைபேசி வலையமைப்புகளுக்குள் நுழையக் கூடாது. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தவரை அம்பத்தூர் பிரௌசிங் சென்டரிலிருந்து அழைக்க முடிந்தது. அதே கணினியிலிருந்து பூந்தமல்லி வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பது சட்டப்படி இயலாததாயிற்று.

அந்தத் தடையைச் சட்டத்துக்கு முன்பே விலை உடைத்தது. ஒரு நிறுவனத்தின் அழைப்பை இன்னொரு நிறுவனம் ஏற்று முடித்துக் கொடுப்பதற்கான இணைப்புக் கட்டணத்தை, தரைவழி இணைப்புகள் சம்பந்தப்பட்ட அழைப்புகளுக்கு 2015இல் டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் முற்றிலும் நீக்கியது. அதன் பயனாக அவ்வாண்டு மே 1 முதல் பி.எஸ்.என்.எல். தரைவழித் தொலைபேசிகளில் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஏழு மணிவரை நாட்டின் எந்த எண்ணுக்கும் கட்டணமின்றிப் பேச முடிந்தது. எஸ்.டி.டி. அழைப்புக்குக் கட்டணம் குறையும் பின்னிரவு வரை விழித்திருந்த தலைமுறைக்கு இது நம்ப முடியாத சலுகை. ஆனால் 2016 செப்டம்பர் 5ஆம் தேதி ஜியோ தொடங்கியபோது குரலுக்குத் தனி விலையே இல்லாமற் போயிற்று. அந்நிறுவனத்தின் வலையமைப்பு முதலிலிருந்தே இணைய நெறிமுறையின் மேல் கட்டப்பட்டது. வோல்டி எனப்படும் அதன் குரல் சேவையில் பேச்சு, பொட்டலங்களாகவே பயணம் செய்தது. வாட்ஸ்அப் அழைப்பு அதற்கு ஓராண்டு முன்பே வந்திருந்தது. கோடிக்கணக்கானோர் இணையவழித் தொலைபேசிக்கு மாறியதே தெரியாமல் மாறிவிட்டிருந்தார்கள். தரைவழி இணைப்பை இழைக்கு மாற்றலாமா என்று தயங்கும் வீட்டிலும், அந்தத் தயக்கத்தைப் பற்றிய பேச்சு கைபேசியில் இணையக் குரலாகவே நடக்கிறது என்பது இந்த வரலாற்றின் வேடிக்கை.

சட்டம் மெதுவாகப் பின்தொடர்ந்தது. 2017 அக்டோபரில் டிராய் பரிந்துரைத்து, 2018 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உரிமத் திருத்தம் செய்ததைத் தொடர்ந்து, இணையக் குரல் உள்நாட்டு எண்களை அடையும் வழி உரிமம் பெற்ற நிறுவனங்களுக்குத் தெளிவாயிற்று. அடுத்த மாதமே பி.எஸ்.என்.எல். ‘விங்ஸ்’ என்ற சேவையை அறிவித்தது. ஆண்டுக்கு 1,099 ரூபாய் கட்டணத்தில் ஒரு பத்து இலக்க எண் வழங்கப்பட்டது; சிம் அட்டையோ கம்பியோ இல்லாமல், கைபேசியில் ஒரு செயலியை நிறுவி, எந்த நிறுவனத்தின் இணையத்திலிருந்தும் அந்த எண்ணில் பேசலாம். இந்தியாவில் தொலைபேசி எண் முதன்முறையாக இடத்திலிருந்தும் சிம்மிலிருந்தும் முழுதும் கழன்றுகொண்டது எனலாம். ஆனால் சேவை பரவலாகவில்லை. கட்டணமில்லாக் குரல் ஏற்கெனவே கையில் இருந்தவர்களுக்கு இன்னோர் எண்ணுக்குத் தனியே பணம் கட்டும் தேவை எழவில்லை என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கம்.

புறநகர் வீடுகளில் மெய்யான மாற்றத்தைக் கொண்டுவந்தது விங்ஸ் அன்று, வீடுவரை வரும் கண்ணாடி இழை. 2019 முதல் ‘பாரத் ஃபைபர்’ என்ற பெயரில் பி.எஸ்.என்.எல். இச்சேவையை விரிவாக்கியது, ஜியோவும் ஏர்டெல்லும் அதே பாதையில் வந்தன. நிலையத்தில் உள்ள கருவியிலிருந்து புறப்படும் ஓர் இழை, வழியில் மின்சாரமே தேவைப்படாத கண்ணாடிப் பிரிப்பான்களால் பிரிந்து, 32 அல்லது 64 வீடுகள் வரை சென்று சேர்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஓ.என்.டி. எனப்படும் சிறு பெட்டி ஒளியை மின்குறியாக மாற்றுகிறது. வீட்டார் மோடம் என்றே அழைக்கும் அந்தப் பெட்டியின் பின்புறம் பழைய தொலைபேசியைச் செருகும் துளை இருக்கும். செருகியதும் டயல் டோன் கேட்கும்; அந்த ஒலியை அனுப்புவது இப்போது தொலைவில் உள்ள நிலையம் அன்று, வீட்டுக்குள் இருக்கும் பெட்டியே. பேச்சைப் பெட்டி 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டி, விநாடிக்கு ஐம்பது பொட்டலங்கள் என்ற கணக்கில் அனுப்புகிறது. வெவ்வேறு தாமதத்தில் வந்து சேர்பவற்றைச் சற்றே தேக்கி வைத்து வரிசைப்படுத்திய பின்னரே மறுமுனை ஒலியாக்குகிறது. ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வரையறை. நல்ல இழை இணைப்பில் இது எளிதில் நிறைவேறுகிறது. இழைக்குத் துரு இல்லை, மழைநீர் மின்கசிவை உண்டாக்குவதில்லை, திருடிச் சென்று எடைக்குப் போடுவதற்கான மதிப்பும் இல்லை. குரல் தரத்தில் செம்பு தோற்றது என்று தயங்காமல் சொல்லலாம்.

முத்தாபுதுப்பேட்டையின் அண்டை வீட்டுக்காரரான விமானப்படையே இதற்கு முன்னோடியாக இருந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். 1950களின் தொழில்நுட்பமான, வளிமண்டலத்தில் சிதறும் வானலைகளை நம்பிய ட்ரோபோஸ்கேட்டர் வலையமைப்புக்கு மாற்றாக, இணைய நெறிமுறையில் இயங்கும் ஏ.எஃப்.நெட் என்ற இழை வலையமைப்பை இந்திய விமானப்படை 2010 செப்டம்பர் 14ஆம் தேதி பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. குரலும் படமும் தரவும் அதில் ஒரே பாதையில் சென்றன. பொது இணையத்திலிருந்து விலக்கி வைத்த தனி வலையமைப்பு அது. படைகள் தம் வசமிருந்த அலைக்கற்றையை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக இழை வலையமைப்பைப் பெறும் பெரிய ஏற்பாட்டின் பகுதி அது என்பதும், அவ்வாறு விடுபட்ட அலைக்கற்றையே கைபேசிச் சேவை வளர உதவியது என்பதும் கவனத்துக்குரியவை. படைத்துறை குரலை இணைய நெறிமுறைக்கு மாற்றியபோது மாற்றுப் பாதைகளையும் மாற்று மின்சாரத்தையும் திட்டத்துக்குள்ளேயே வைத்தது. மதிலுக்கு வெளியே உள்ள வீடுகளுக்கு இந்த இரண்டும் கொடுக்கப்படவில்லை.

மீண்டும் மின்சாரத்துக்கே வர வேண்டியிருக்கிறது. வீட்டுப் பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டரில் இயங்குவது. கரண்ட் போனால் அந்நொடியே தொலைபேசியும் போகும். நிலையத்தில் மின்கலமும் டீசல் ஜெனரேட்டரும் இருக்கலாம்; இழை கண்ணாடியாதலால் அந்த மின்சாரம் வீட்டுக்கு வர வழியில்லை. 2016 டிசம்பர் 12ஆம் தேதி சென்னையருகே கரையைக் கடந்த வர்தா புயல், பல்லாயிரம் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்து, புறநகர்களைப் பல நாள் இருளில் வைத்தது. கைபேசிக் கோபுரங்களும் மின்சாரமின்றி ஓய்ந்தன. பணமதிப்பு நீக்கத்துக்கு அடுத்த மாதமாதலால், கையில் நோட்டில்லாதவர்கள் அட்டை தேய்க்கும் இயந்திரமும் இயங்காமல் தவித்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழையிலும் மின்தடையும் கைபேசித் தடையும் சேர்ந்தே வந்தன. நிலத்தடிக் கேபிளும் வெள்ளத்தில் கெட்டதுண்டு. நிலையமே நீரில் மூழ்கினால் மின்கலத்தாலும் பயனில்லை. ஆயினும் கைபேசி, இணையம், மின்சாரம் ஆகிய மூன்றும் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் வீழும்போது தனிக்காலில் நின்ற ஒன்று முன்பு இருந்தது, இப்போது இல்லை. மேலும், புறநகர்களில் இழை பெரும்பாலும் மின்கம்பங்களிலும் கேபிள் டி.வி. கம்பிகளோடும் தொங்குவதால், மரம் விழுந்தால் மின்சாரமும் இழையும் சேர்ந்தே அறுகின்றன.

இச்சிக்கலைப் பிற நாடுகள் பேசாமல் விடவில்லை. பிரிட்டனில் பழைய தொலைபேசி வலையமைப்பை 2025 டிசம்பரில் மூடிவிடத் திட்டமிட்டிருந்தார்கள். தனியே வாழும் முதியோர் ஆபத்தில் அழுத்தி உதவி கேட்கும் கருவிகள் புதிய இணைப்பில் செயலிழந்த நிகழ்ச்சிகள் வெளிவந்த பின், கெடு 2027 ஜனவரிக்குத் தள்ளப்பட்டது. தரைவழியைத் தவிர வேறு வழியற்ற வாடிக்கையாளருக்கு மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு வசதி இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் வழிகாட்டுதல். அமெரிக்காவில் 2015இல் வகுத்த விதி, முதலில் எட்டு மணி நேரமும் பின்னர் 24 மணி நேரமும் தாங்கும் மின்கலத்தை வாடிக்கையாளர் விலைக்கு வாங்கும் வாய்ப்பையாவது நிறுவனம் அளிக்க வேண்டும் என்றது. ஒரு மணி நேரம் போதாது, விலைக்குத் தருவது நியாயமன்று என்றெல்லாம் வாதிடலாம். பொறுப்பு யாருடையது என்ற கேள்வியாவது அங்கே எழுப்பப்பட்டது.

இரண்டாவதாகக் கைமாறிய சுமை, இருப்பிடம். கம்பியின் மறுமுனை எந்த வீட்டில் இருக்கிறது என்பது நிலையத்துக்குத் தெரியும். 100க்கோ 108க்கோ அழைத்தவர் பேச முடியாமல் மயங்கினாலும் பதிவேட்டில் முகவரி இருந்தது. செயலியின் வழியே எங்கிருந்தும் பேசக்கூடிய எண்ணுக்கு அந்த உறுதி இல்லை. அவசர அழைப்பு வசதியை இணையவழித் தொலைபேசியில் ஊக்குவிக்கலாம், கட்டாயமாக்க வேண்டாம், அதன் வரம்புகளை வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட்டால் போதும் என்பதே 2017இல் டிராய் எடுத்த நிலை. அமெரிக்கா 2005இலேயே இத்தகைய சேவைகளுக்கு அவசர அழைப்பையும் இருப்பிடப் பதிவையும் கட்டாயமாக்கியதோடு ஒப்பிட்டால், இது மெத்தனமான நிலை என்றே சொல்ல வேண்டும். வீட்டுச் சுவரில் நிலையாக நிற்கும் இழை இணைப்பில் இச்சிக்கல் குறைவு என்பதையும் மறக்கலாகாது.

எண்ணின் கதை இன்னும் முடியவில்லை. செம்பிலிருந்து இழைக்கு, பி.எஸ்.என்.எல்.லுக்குள்ளேயே மாறுபவர் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். வேறு நிறுவனத்துக்குப் போனால் அது போய்விடும். கைபேசி எண்ணை நிறுவனம் விட்டு நிறுவனம் எடுத்துச் செல்லும் உரிமை 2011 ஜனவரியில் நாடெங்கும் வந்தது. தரைவழி எண்ணுக்கு அவ்வுரிமை தரப்படவில்லை. முப்பதாண்டு எண்ணைக் காப்பாற்றவே ஒரே நிறுவனத்தில் இருந்துவிடும் முதியவர்களை உறவினர்கள் பிடிவாதக்காரர்கள் என்கிறார்கள். ஓய்வூதியத் தாள்களிலும் வங்கியிலும் உறவினர் டைரிகளிலும் பதிந்துபோன எண்ணை இழப்பதன் செலவை அவர்கள் சரியாகவே கணக்கிட்டிருக்கிறார்கள். 2021 ஜனவரி 15 முதல் தரைவழியிலிருந்து கைபேசிக்கு அழைக்க 0 சேர்க்க வேண்டியதாயிற்று. 2025 பிப்ரவரியில் டிராய் அளித்த பரிந்துரை, தரைவழி எண்களையும் ஊர்க்குறியீட்டோடு சேர்த்துப் பத்து இலக்கங்களாகவே அழைக்கும் முறையை முன்மொழிகிறது. 26 என்று தொடங்கும் எண் ஆவடிப் பக்கத்தைக் குறித்த காலம் அதோடு ஏட்டளவில் மிஞ்சும்.

சிறு தொல்லைகளும் உண்டு. குரலைச் சுருக்கி அனுப்பும் இணைப்பில் ஃபேக்ஸ் தடுமாறும். தொலைபேசிக் கம்பியில் டயல் செய்த பழைய அட்டை இயந்திரங்களும் எச்சரிக்கை மணிகளும் அப்படியே. இவை காலத்தோடு தாமே மறையக்கூடியவை.

வீட்டுக்காரருக்குச் சுமையான அதே மாற்றம் தொழிலுக்கு வரமாக அமைந்ததை அம்பத்தூர் காட்டுகிறது. 1960களில் உருவான சிறுதொழிற்பேட்டையின் பக்கத்தில் இன்று அலுவலகக் கோபுரங்களும் தரவு மையங்களும் எழுந்துள்ளன; 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஐ2ஐ முதலான கடலடி இழைகள் வெளிநாட்டு வாடிக்கையாளரின் குரலைப் பொட்டலங்களாக இந்நகருக்குக் கொண்டுவந்து, அழைப்பு மையங்களுக்கு வேலை கொடுத்தன. நெடுங்காலம் அம்மையங்கள் இணையக் குரலையும் உள்நாட்டுத் தொலைபேசியையும் தனித்தனியே பிரித்து வைக்க வேண்டியிருந்தது. 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் விதிகள் தளர்ந்தன. தொழிற்சாலையோ அழைப்பு மையமோ மின்தடைக்கு அஞ்ச வேண்டியதில்லை. யு.பி.எஸ்., ஜெனரேட்டர், இரண்டாவது இழை ஆகிய அனைத்தும் அவற்றின் செலவுக் கணக்கில் முன்பே இருக்கின்றன.

எண்ணிக்கை இன்னொரு வியப்பைச் சொல்கிறது. 2006 வாக்கில் நாட்டில் ஏறத்தாழ 5 கோடியைத் தொட்ட கம்பி இணைப்புகள் 2020இன் நடுவில் ஏறத்தாழ 2 கோடியாகச் சரிந்து, 2024 முடிவில் மீண்டும் 3.9 கோடியை எட்டின. ஏறியவை பெரும்பாலும் இழை இணைப்புகள். 2022 ஆகஸ்டில் கம்பி இணைப்புகளில் பி.எஸ்.என்.எல்.லை ஜியோ முந்தியது. இதற்கிடையே, 2020 ஜனவரி 31ஆம் தேதி விருப்ப ஓய்வில் 78,000க்கும் மேற்பட்ட பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் வெளியேறியபோது, எந்தப் பில்லரில் எந்த ஜோடிக் கம்பி யாருடையது என்ற அறிவும் அவர்களோடு வெளியேறியது. இன்று இழையை இழுப்பதும் பழுது பார்ப்பதும் பெரும்பாலும் வருவாய்ப் பங்கு ஒப்பந்தத்தில் பணிபுரியும் உள்ளூர்க் கூட்டாளிகள். அவர்களிற் பலர் வேகமாக வருகிறார்கள், நன்றாகவும் வேலை செய்கிறார்கள். ஆனால் மின்தடையில் தொலைபேசி இயங்காதது அவர்கள் பழுதாகக் கருதும் பட்டியலில் இல்லை, புகாராகவும் அதைப் பதிய முடியாது.

செம்புக்குத் திரும்பிப் போகும் வழி இல்லை, போக வேண்டிய தேவையும் இல்லை. ஓ.என்.டி. பெட்டியைச் சில மணி நேரம் தாங்கும் 12 வோல்ட் மின்கலம் கடைகளில் சிறு விலைக்கே கிடைக்கிறது. இழைக்கு மாறும் வீட்டார், குறிப்பாக முதியோர் தனித்திருக்கும் வீட்டார், அதை இன்றே வாங்கி மாட்டிக்கொள்வது நல்லது. ஆனால் பல பத்தாண்டுகளாகத் தொலைபேசி நிலையம் தன் செலவில் கொடுத்துவந்த மின்சாரத்தை வாடிக்கையாளர் தனியே விலைக்கு வாங்க வேண்டும் என்று எந்த ஆணையும் சொன்னதில்லை, அதைப் பற்றி யாரும் அவரைக் கேட்டதும் இல்லை. அந்த மின்கலத்தைப் பெட்டியோடு சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று டிராய் ஒரு வரியில் விதி எழுதட்டும்.